இருக்கன்குடி பஸ்ஸில் ஓர் இரும்புக்கை!

சாத்தூரில் இறங்கி பஸ் மாறினால், கிழக்கே ஏழெட்டு கிலோமீட்டரில் இருக்கன்குடி. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருகிற இடத்தில் மாரியம்மன் கோயில். இரண்டு கங்கை கூடுவதால் 'இருகங்கைக்குடி', அதுதான் மருவி இருக்கன்குடி ஆச்சு என்கிறார்கள். ஆறு என்றதும் துண்டும் சோப்புமாகக் கிளம்பிவிடாதீர்கள். வருஷத்தில் பாதி நாள் மணல்தான் ஓடும்! ஆடிக் கடைசி வெள்ளிக்குப் போனால் மணலும் தெரியாது. தலைகள்தான் தெரியும். கண்நோய் தீர வேண்டிக்கொண்டு கண்மலர் சாத்துகிறவர்கள், தீச்சட்டி ஏந்துகிறவர்கள் என்று ஒரே நெரிசல்.

கும்பிட்டாச்சா? சாத்தூர் சேவு கால் கிலோ வாங்கிக்கொண்டு சிவகாசி பஸ்ஸைப் பிடியுங்கள். பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர் தவிர அந்த ஊரில் இன்னொரு சரக்கும் பிரசித்தம். திருடர்கள்! பயப்படாதீர்கள், எல்லாரும் காகிதத் திருடர்கள்.

1972-ல் முத்து காமிக்ஸ் அங்கிருந்துதான் இரும்புக்கை மாயாவியை இறக்கியது. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், கை மட்டும் தெரியும். 1962-ல் இங்கிலாந்துப் பத்திரிகையில் அறிமுகமானபோது அந்தச் சக்தியை வைத்து அவர் முதலில் செய்தது கொள்ளை! 1984-ல் லயன் காமிக்ஸ். முதல் இதழிலேயே முன்னாள் கும்பல் தலைவி மாடஸ்டி. அப்புறம் குற்றவாளிகளுக்கு ராஜாவாக ஆசைப்பட்ட ஸ்பைடர். 'இரத்தப் படலம்' நாயகனோ, ஜனாதிபதியைக் கொன்றது தானா என்பதே ஞாபகம் இல்லாமல் ஓடுகிறவன்.

"கெட்டவன் கதையப் போயி படிக்கீங்களே தம்பி, நல்லவனுக்கா பஞ்சம்?" என்று பக்கத்து சீட் அண்ணாச்சி கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பிறவி நல்லவனுக்குச் சபலமே கிடையாது. அவனிடம் நமக்கு என்ன பேச்சு? ஆபீஸில் காலை பத்திலிருந்து "எஸ் சார்" போட்டு, உள்ளுக்குள் வேறு ஏதோ சொல்லிக்கொள்கிற ஆசாமிகள் நாம். தப்பு செய்யத் தெரிந்தும் கடைசி நிமிஷத்தில் நல்லது செய்கிறவன்தான் நம்ம ஆள். அவன் நல்லது செய்தால் அதற்கு ஒரு விலை உண்டு.

இது வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பும் இல்லை. ஆரியமாலையைச் சிறையெடுத்துக் கழுமரம் ஏறிய காத்தவராயனுக்கு எத்தனையோ மாரியம்மன் கோயில்களில் இடம் உண்டு. சூடம் காட்டுகிறோம், ஆனால் கதையில் கழுமரத்தை மறைப்பதில்லை. பாசம் வேறு, கணக்கு வேறு.

அந்தக் கணக்குதான் விஷயம். 2021 பிப்ரவரி 12 அன்று இதே சாத்தூர்ப் பக்கம் அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எல்லாரும் தினக்கூலிக்குப் போனவர்கள். கதையில் கடைசிப் பக்கத்துக்குள் குற்றவாளி மாட்டிக்கொள்வான். நிஜத்தில் மூன்றாம் நாளே செய்தி உள்பக்கத்துக்குப் போய்விடுகிறது.

அதனால்தான், கை கறுப்பாக இருந்தாலும் பரவாயில்லை, விடாமல் கணக்குக் கேட்க ஒருத்தன் வேண்டும் என்று மனசு ஏங்குகிறது. அந்த ஏக்கம் இருக்கும்வரை ஆன்டி ஹீரோவுக்கு மார்க்கெட் குறையாது, அண்ணாச்சி!