படம் யாருக்கு?

"நல்லதா ஒரு படம் வேணும்" என்று சொல்லிக்கொண்டுதான் பெரும்பாலானவர்கள் ஸ்டூடியோப் படியேறுகிறார்கள். நல்ல படம் என்றால் எப்படி என்று திருப்பிக் கேட்டால் முழிப்பார்கள். அதனால் அதை நான் கேட்பதில்லை. "படம் யார் பாக்கிறதுக்கு?" என்று கேட்பேன். "எனக்குத்தான், வேற யாருக்கு?" என்று முறைப்பவர்களும் உண்டு. ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தால் விஷயம் மெல்ல வெளியே வரும். கட்டாரில் வேலைக்கு விண்ணப்பம் போடுகிறார். தங்கச்சிக்கு வரன் பார்க்கிறார்கள், மாப்பிள்ளை வீடு கனடாவில். பேராதனையில் மகனுக்குப் பட்டமளிப்பு. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, "ஒரு படம் இருக்கட்டும்." இந்தக் கடைசிக் காரணத்தை மகன் அதற்கு மேல் விளக்கமாட்டான், நானும் துருவமாட்டேன்.

எல்லாப் படமும் ஆள் போகமுடியாத ஓர் இடத்துக்குத்தான் போகிறது. அங்கே யார் கையில் விழப்போகிறது என்பது தெரிந்தால் உடுப்பு, வெளிச்சம், நாற்காலியா நிற்பதா, சிரிப்பா இல்லையா என்பதெல்லாம் பாதி தீர்ந்துவிடும். கடவுச்சீட்டுப் படத்தில் இந்தத் தொல்லை கிடையாது. பார்ப்பவர் அதிகாரி, விதி அவருடையது. முகம் நேரே, வாய் மூடி, இரண்டு கண்ணும் தெளிவாக. திணைக்களத்தின் அனுமதி பெற்ற ஸ்டூடியோவில் எடுத்தால் படம் கணினி வழியாகவே போய்விடுகிறது, ஆள் கையில் ஒரு துண்டுதான் மிஞ்சும். அதில் கலைக்கு இடமில்லை. ஆனால் முகத்தைக் கறுப்பாக்கி அனுப்பாமல் இருக்கத் தொழில் தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

படம் எடுக்கிறவர்கள் எல்லோர் வாயிலும் வரும் ஒரு வார்த்தை, "இயல்பா இருங்க." இதைவிட உதவாத கட்டளை இந்தத் தொழிலில் இல்லை. 1877இல் களுத்துறையில் ஜூலியா மார்கரெட் கேமரன், மரியான் நோர்த்தைப் படம் எடுத்தார். எடுத்தவர் இங்கிலாந்தில் பெரும் பெயர் பெற்ற புகைப்படக்காரர். நின்றவர் உலகமெல்லாம் சுற்றிச் செடிகொடிகளை வரைந்த ஓவியர். நோர்த் அந்த நாளைத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார். காஷ்மீர்க் கம்பளித் துணியைப் போர்த்தி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தென்னோலை தலையில் குத்தும்படி நிறுத்தினார்களாம். ஓலை அசையும்போதெல்லாம் இடுக்கு வழியே உச்சி வெயில் கண்ணில் அடித்திருக்கிறது. வெப்பமானி 96 பாகை பாரன்ஹைட் காட்டியது. அந்தக் கோலத்தில் நின்றவரிடம்தான் முழுக்க இயல்பாக இருக்கும்படி கேமரன் சொல்லியிருக்கிறார். நோர்த்துக்கு நகைச்சுவை உணர்ச்சி இருந்தது, தப்பித்தார்.

கேமரன் 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தவர். கணவர் சார்ள்ஸ் ஹே கேமரன், நம் பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்தில் வரும் கோல்புறூக்-கேமரன் ஆணைக்குழுவின் அதே கேமரன். அம்மையார் 1879இல் டிக்கோயாப் பக்கம் இறந்தார், கல்லறை பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் இருக்கிறது. இலங்கையில் அவர் எடுத்தவற்றில் இன்று கிடைப்பவை சொற்பம். அவற்றில் தோட்டத்துச் சனங்களும் இருக்கிறார்கள். பக்கவாட்டு வெளிச்சம் கறுத்த கன்னத்தில் எப்படி இறங்குகிறது என்பதை நான் அந்தப் படங்களைப் பார்த்துப் படித்தேன், அந்தக் கடன் எனக்கு உண்டு. ஆனால் நின்றவர்கள் பெரும்பாலும் யாரென்றே தெரியாது. நோர்த்துக்கு நினைவுக் குறிப்பு எழுத வாய்த்தது. அந்தத் தோட்டத்துச் சனங்களுக்கு அன்று எங்கே குத்தியது என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை.

என் ஸ்டூடியோ இருக்கிற கண்டி டவுனில் இந்தத் தொழில் பழையது. 1860களிலேயே ஜோசப் லோட்டன் இங்கே படம் எடுத்துக்கொண்டிருந்தார். 1870களில் சார்ள்ஸ் ஸ்கோவன் திருகோணமலை வீதியில், இன்றைய டி. எஸ். சேனாநாயக்க வீதியில், ஸ்டூடியோ வைத்திருந்தார். அவர்களுடைய வாடிக்கை துரைமாரும் கப்பலில் வந்துபோன பயணிகளும். நம்மவர்கள் அந்தப் படங்களில் வந்தாலும், காசு கொடுத்து எடுப்பித்தவர்கள் வேறு ஆட்கள்.

நம்மவர்களுக்கு ஒரு படம் கட்டாயமானது அரசாங்கத்தால். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத்தாரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். 1974இல் அவர்களையும் பாதிபாதியாகப் பிரித்தாயிற்று. இந்திய உதவி உயர்ஸ்தானிகர் அலுவலகம் கண்டியில்தான். இந்தியாவுக்குப் போகப் பாஸ்போட் வேண்டும், பாஸ்போட் என்றால் படம் வேண்டும்.

எனக்குத் தொழில் பழக்கியவர் அந்தக் காலத்து ஆள். ஸ்டூடியோவில் ஒரே ஒரு கோட்டு ஆணியில் தொங்குமாம். பெரிய உடம்புக்குத் தைத்தது. மெலிந்தவர் போட்டால் முதுகுப் பக்கம் துணிக் கிளிப் மாட்டி இழுத்துவிடுவார்கள், முன்னால் அளவெடுத்துத் தைத்தது போலிருக்கும். "கோட்டைக் காட்டி, வேணுமான்னு மட்டும் கேக்கணும், போடுன்னு சொல்லக்கூடாது" என்பார். வேண்டாம் என்று தலைப்பாகையோடு உட்கார்ந்தவர்களும் இருந்தார்களாம். அவர்களில் பலருக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் படம். தலைமன்னாரில் கப்பலேறிப் போன அந்த முகங்களின் பிரதி ஒன்றுகூட இங்கே மிஞ்சவில்லை என்று அவர் வருத்தப்பட்டுச் சொல்வார். படம் பாஸ்போட்டில் ஒட்டிப் போயிற்று, நெகட்டிவ்வை ஈரம் தின்றுவிட்டது.

இனி வேலைக்கு வருகிறேன். வருகிற வழியும் தயாரிப்பில் சேர்த்திதான். கலஹாவிலிருந்தோ ஹேவாஹெட்டையிலிருந்தோ வளைவு வளைவாக இறங்கும் பஸ்ஸில் வந்தவரை இறங்கிய கையோடு விளக்குக்கு முன்னால் இருத்தினால் கண்ணில் தலைச்சுற்றுத்தான் தெரியும். முகம் கழுவி, தண்ணி குடித்து, அரைமணி நேரம் இருக்கட்டும். சட்டையைப் போட்டுக்கொண்டு வரவேண்டாம், பையில் கொண்டுவந்தால் இங்கே அயன் பண்ணிப் போடலாம். முதல் நாள் முடி வெட்டவேண்டாம், காதுக்கு மேலும் பிடரியிலும் வெளிறிய கோடு விழும். நாலைந்து நாள் முந்தி வெட்டினால் அடங்கிவிடும். நெருக்கமான கோடுபோட்ட சட்டை டிஜிட்டல் கமராவில் அலையடிக்கும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர் அதைக் கழற்ற வேண்டியதில்லை. காதில் மாட்டும் தண்டை ஒரு விரலளவு உயர்த்திவிட்டால் சில்லு கீழே சாயும், விளக்கு அதில் தெறிக்காது. இதைப் போனிலேயே சொல்லிவிடுவேன். பாதிப்பேர் கேட்பதில்லை, அது வேறு.

பவுடர் பெரிய சண்டை. படம் என்றதும் டப்பாவைக் கவிழ்க்கிற பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. போதாததற்கு வெயிலுக்குப் பூசும் கிரீம். பிளாஷ் அடித்தால் இரண்டும் சேர்ந்து முகத்தைச் சாம்பலாக்கும், கழுத்து தன் நிறத்திலேயே நிற்கும். கறுத்த முகத்தின் வடிவம் கமராவுக்குத் தெரிவதே அதில் ஒளி மின்னும் இடங்களால்தான். நெற்றி மேடு, மூக்குத் தண்டு, கன்னத்து எலும்பு. அந்த மினுமினுப்பைப் பவுடரால் அடைத்தால் முகம் தட்டையாகிவிடும். வழிகிற எண்ணெயையும் வியர்வையையும் டிசுவால் ஒற்றி எடுத்தால் போதும், தேய்க்கக்கூடாது.

அடுத்தது, காதோடு காதாக வரும் வேண்டுகோள்: "கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கண்ணே." இதில் கேட்பவரை மட்டும் குற்றம் சொல்லமாட்டேன். பிலிம் காலத்தில் கொடாக் கம்பெனி லாப்களுக்கு ஓர் அட்டை அனுப்பும், ஷேர்லி அட்டை என்று பெயர். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவள் முகம் சரியாக வந்தால் நிறம் சரி என்று கணக்கு. கறுத்த முகங்கள் சேறுபூசியது போல் வருகிற குறை அப்போதே இருந்தது. ஆனால் பிலிமைத் திருத்தும் யோசனை அழுத்தமாக எழுந்தது சொக்லேட் விளம்பரமும் மரத் தளபாட விளம்பரமும் செய்தவர்கள் தங்கள் பொருளின் பழுப்பு வேறுபாடு விழவில்லை என்று முறையிட்ட பிறகு. நம் மாமன் மச்சான் கலியாணப் படமெல்லாம் அந்தக் காலத்துப் பிலிமில் விழுந்தவைதான்.

இன்றைய கமராவில் அந்தக் குறை இல்லை, வேறொன்று இருக்கிறது. கமராவின் அளவுமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்து வெளிச்சத்தைக் கணக்குப் போடும். வெளிறிய திரைக்கு முன்னால், வெள்ளைச் சட்டை போட்ட கறுத்த ஆளை இருத்தினால் வெண்மையே கூடத் தெரியும், கமரா வெளிச்சத்தைக் குறைக்கும், முகம் இருண்டுபோகும். பிறகு போட்டோஷொப்பில் முகத்தை மட்டும் தூக்குவார்கள், தோல் பிளாஸ்டிக்காகும். கன்னத்தருகே அளந்து, ஆளைத் திரையிலிருந்து நாலைந்து அடி முன்னுக்கு எடுத்து, திரைக்கு வேறு விளக்குப் போட்டால் ஒரு திருத்தமும் தேவையில்லை. கேட்டவருக்கு அதை அச்செடுத்துக் காட்டுவேன். "இது நாந்தானா?" என்பார்கள். வெள்ளையாக்கும் பேச்சு அனேகமாக அதோடு நின்றுவிடும். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற படத்தில் மட்டும் நிற்காது. அங்கே நான் மறுப்பேன். பெண்ணை நேரில் பார்க்கிற அன்றைக்கு அவமானப்படப் போவது அவள்தான். இதனால் அடுத்த கடைக்குப் போனவர்களும் உண்டு, போகட்டும்.

கைகளைப் பற்றி ஒரு விஷயம். கொழுந்து பறிக்கிற அக்காமார் உட்கார்ந்ததும் கையை முந்தானைக்குள் விடுவார்கள். சாயக்கறை ஆள்காட்டி விரலிலும் பெருவிரலிலும் ஏறியிருக்கும், எலுமிச்சம்பழம் தேய்த்தாலும் முழுதாகப் போகாது. "கை தெரியாம எடுங்க தம்பி." கையோடு எடுத்தால் நன்றாயிருக்கும் என்று எனக்குத் தோன்றும். ஆனால் படம் என் சுவரில் தொங்கப் போவதில்லையே. ஒன்று கை இல்லாமல் எடுப்பேன், பிறகு கேட்டுப் பார்ப்பேன். சரி என்றால் மடியில் கையை வைத்து இன்னொன்று. எதைக் கொண்டுபோவது என்று அவர் முடிவு செய்யட்டும். கூடையின் கயிறு ஆண்டுக்கணக்காகத் தலையில் இழுத்ததில் கழுத்து முன்னுக்குத் தள்ளி நிற்கும். "நிமிர்ந்து இருங்க" என்றால் தோள் விறைக்கும், நாடி மேலே போகும். தோளைக் காதுவரை தூக்கித் தொப்பென்று விடச் சொன்னால் கழுத்து தானாக இடத்துக்கு வந்துவிடும்.

"இயல்பா இருங்க"வுக்குப் பதில் நான் செய்வது இவ்வளவுதான்: செய்ய ஏதாவது ஒன்று கொடுப்பது. கதவுப் பக்கம் திரும்பி மெல்ல என் பக்கம் வரச் சொல்வேன். மூச்சை முழுக்க விடச் சொல்வேன், விட்டு முடிகிற அந்த நொடியில் நெற்றி தளரும். கமராவை முக்காலியில் நிறுத்திவிட்டு அதன் பக்கத்தில் நின்று பேசுவேன், அப்போது பார்வை கண்ணாடியில் மோதாமல் ஒரு மனுசன் மேல் விழும். 85 மில்லிமீற்றர் லென்ஸ் போட்டு ஆறேழு அடி தள்ளி நிற்பதால் பேச்சுக்கும் தூரம் சரி, மூக்கும் போனில் எடுத்ததுபோல் பெருக்காது.

பட்டமளிப்புக்காரர்கள் வெளியே எடுக்கத்தான் விரும்புவார்கள். பேராதனை வளாகமும் பூங்காவும் கிட்ட இருக்கும்போது ஸ்டூடியோத் திரை யாருக்கு வேண்டும்? அங்கே எதிரி பச்சை நிறம். மேலே இலை, கீழே புல். மரத்தடியில் நிறுத்தினால் முகத்தில் பச்சை ஏறும், வெளிச்சம் உச்சியிலிருந்து மட்டும் விழுவதால் கண் குழியும். நிழலின் விளிம்புக்கு, வானம் முகத்தில் படுகிற இடத்துக்கு வரவேண்டும். மார்புக்குக் கீழே யாராவது ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்தால் கண்ணுக்கு உயிர் வரும். கண்டியைச் சுற்றி மலை என்பதால் காலை வெயில் பிந்தி வரும், ஒக்டோபர் நவம்பரில் பின்னேரமானால் மழை. மேகம் மூடிய நாளைக் கண்டு முகம் சுளிக்கிறார்கள், எனக்கோ அதுதான் நல்ல நாள். முதலில் அப்பா அம்மாவைச் சேர்த்து எடுத்துவிடுங்கள். விடியப் புறம் தோட்டத்திலிருந்து புறப்பட்டவர்கள், புதுச் செருப்பு வேறு கடிக்கும். பட்டதாரிக்குப் பிறகு நேரமிருக்கிறது.

எடுத்த பிறகு தேர்வு. தன் படத்தைத் தானே தேர்ந்தெடுக்கச் சொன்னால் மனுசர் தடுமாறுகிறார்கள். தினமும் பார்ப்பது கண்ணாடியில், இடம் வலம் மாறிய முகத்தை. படத்தில் வகிடு மறுபக்கம் இருக்கும், பழக்கமில்லாத ஆளாகத் தோன்றும். அதனால் கூட வந்தவரைக் கூப்பிடுவேன். போன மாதம் ஓர் அம்மா, சவூதியில் இருக்கும் மகளுக்கு அனுப்ப எடுத்துக்கொண்டார். இறுக்கமாக இருந்த படத்தை அவரே ஒதுக்கிவைத்தார். பேரப்பிள்ளை அதைத்தான் எடுத்தது: "அம்மாவுக்கு இது குடுங்க, அம்மம்மா ஏசப்போற மாதிரி இருக்கு." அதையே அச்செடுத்தோம்.

அச்சை உறையில் போடும்போது பின்பக்கம் பெயர், தோட்டம், டிவிசன், தேதி எழுதச் சொல்வேன். முழுப் பெயர், அவர்கள் சொல்கிற எழுத்தில். பிறப்புப் பதிவில் ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று என்று கிளாக்கர்மார் எழுதிவைத்த பெயர்களோடு நம் சனம் பட்ட பாடு போதும். மென்மையான பென்சில் நல்லது. குமிழ்முனைப் பேனாவால் அழுத்தினால் எழுத்து முன்பக்கம் முகத்தில் புடைக்கும்.