சாரம்

சாரம் என்றதும் இடுப்பில் கட்டும் கைலியை நினைக்காதீர்கள். நம்ம ஊரில் அதற்கும் அதே பேர்தான். நான் சொல்வது கட்டடச் சாரம். சவுக்குக் கம்பு நட்டு, கயிறு போட்டு இறுக்கி, மேலே பலகை போடுவார்களே, அது. எங்க அப்பாவுக்கு அதுதான் தொழில். பள்ளிப் படிவங்களில் 'கான்ட்ராக்டர்' என்று எழுதி வந்தேன். பொய். இங்கேதான் முதல்முறையா உண்மையை எழுதுகிறேன்.

போன மாதம் உயிரியல் சார், "செல்லுக்குள்ளேயும் சாரம் உண்டு" என்றார். விஷயம் தெரிந்த ரெண்டு பேர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிச்சாங்க. நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் காது கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

சேர்ந்து வேலை செய்ய வேண்டிய புரதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து வைப்பதுதான் சாரப் புரதத்தின் வேலை. ஹன்டிங்டின் அப்படி ஒன்று. 3,000-க்கும் மேல் அமினோ அமிலங்கள் கோத்த பெரிய புரதம். நம் நரம்புச் செல்லிலும் இருக்கிறது. காட்டு மண்ணில் பாக்டீரியாவைத் தின்று வாழும் டிக்டியோஸ்டீலியம் என்ற சளிப்பூஞ்சையிலும் இருக்கிறது! மனிதரில் அதன் ஜீனில் ஒரு பகுதி அளவுக்கு மீறி நீண்டால் ஹன்டிங்டன் நோய் வரும் என்று 1993-இல் கண்டுபிடித்தார்கள். சரி, நோய் இல்லாதபோது அது என்னதான் செய்கிறது? அதைப் பார்க்க பாஸ்டன் விஞ்ஞானிகள் சளிப்பூஞ்சையிலிருந்து அந்த ஜீனையே நீக்கினார்கள். 2011-இல் முடிவு வெளிவந்தது.

செல் சாகவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். இரை இருக்கும்வரை தனித்தனியாகத் திரியும் இந்தச் செல்கள், இரை தீர்ந்ததும் ஒன்றையொன்று கூப்பிட்டு, ஆயிரக்கணக்கில் கூடி, காம்பும் உச்சியில் வித்துப் பையுமாக எழும்பி நிற்கும். சாரம் இல்லாதவை நீளவில்லை. வரிசை பிடித்து ஒழுங்காக நகரவில்லை. உப்பு குறைந்த நீரைத் தாங்கவே இல்லை. தாமதமாக, சின்னதாக எழும்பின, வித்துகளெல்லாம் பழுது. கால்சியமோ மெக்னீசியமோ சேர்த்தபோது வரிசை திரும்ப வந்ததாம்.

ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். கையில் கயிறு அறுத்த இடத்தில் எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டார். கடைசியில், "சாரத்தைப் பிரிச்ச பிறகும் கட்டடம் நிக்குமே, உன் செல்லு மட்டும் ஏன் நிக்கல?" என்றார். சார்கூட இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை!

யோசித்துச் சொன்னேன்: "அங்க வேலை முடியறதே இல்லப்பா. அதனால பிரிக்கவே முடியாது."

"அப்போ தெனமும் கூலி உண்டுன்னு சொல்லு" என்றார் அப்பா.

– 12-ஆம் வகுப்பு, உயிரியல் பிரிவு