மஞ்சள் மேல் விழுந்த பழி

ஒரு வயதுப் பரிசோதனையில் என் மகன் ரத்தத்தில் காரீயம் இருப்பது தெரிந்தது. அதை வீட்டுக்குள் கொண்டுவந்தவன் நான். அதோடு நின்றிருந்தால் கவனக்குறைவு என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். காரணம் இன்னதென்று தெரிந்த பிறகும் வாயைத் திறக்காமல் இருந்தேன். மாமியார் ஈரோட்டிலிருந்து கொடுத்தனுப்பிய மஞ்சள் பொடி மேல் பழி விழுந்தபோது, விழட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுத உட்கார்ந்தது அதற்காகத்தான்.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், டல்லாஸுக்கு வடக்கே. இங்கே துப்பாக்கி வைத்திருப்பதும் சனிக்கிழமை சுட்டுப் பழக ரேஞ்சுக்குப் போவதும் யாரும் புருவம் உயர்த்துகிற விஷயம் அல்ல. அலுவலக நண்பர் ஒருவர் ஒருநாள் கூட்டிப்போனார். குறி பார்த்துச் சுடும்போது மனம் வேறெங்கும் போகாமல் நிற்கிறதே, அதற்காகவே திரும்பத் திரும்பப் போனேன். 2020-இல் கடைகளில் தோட்டா கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிட்டது. ரேஞ்சில் வயதானவர்கள் சிலர் அதைப் பற்றிக் கவலையே படவில்லை. அவர்கள் வீட்டிலேயே காரீயத்தை உருக்கிக் குண்டு வார்ப்பவர்கள். சொந்த உபயோகத்துக்கு வார்க்க இங்கே உரிமம் எதுவும் தேவையில்லை. நானும் ஓர் உருக்குச் சட்டியும் அலுமினிய அச்சும் வாங்கினேன்.

டயர் கடைகளில், சக்கரம் ஆடாமல் ஓடுவதற்காக விளிம்பில் அடிக்கிற ஈயக்கட்டிகளைக் கழற்றி வாளியில் போட்டு வைத்திருப்பார்கள். அவற்றில் கொஞ்சம் ஆன்டிமனி கலந்திருப்பதால் குண்டுக்கு வேண்டிய கடினம் தானாகவே இருக்கும். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உருகியதும் கண்ணாடி மாதிரி பளபளக்கும். சில நொடிகளில் மேலே சாம்பல் நிறத்தில் ஓர் ஏடு படியும். அந்தக் கசடைக் கரண்டியால் வழித்து ஒரு காபி டப்பாவில் தட்டுவேன். தட்டும்போது மெல்லிய தூசு எழும். அந்தத் தூசைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வெறும் ஈயக் குண்டை அப்படியே சுட முடியாது. குழலின் உள்சுவரில் ஈயம் தேய்ந்து அப்பிக்கொள்ளும். அதற்காகக் காலகாலமாக மெழுகு பூசினார்கள். மெழுகு புகையும், கையெல்லாம் பிசுபிசுக்கும். இப்போது நிறைய பேர் பவுடர் கோட்டிங்குக்கு மாறிவிட்டார்கள். நம்மூரில் ஜன்னல் கம்பிக்கும் இரும்புக் கட்டிலுக்கும் போடுகிறார்களே, அதே பாலியஸ்டர் பவுடர்தான். பட்டறையில் அதை மின்னேற்றித் தெளிப்புத் துப்பாக்கியால் பீய்ச்சுவார்கள். குண்டுக்கு அவ்வளவு தேவையில்லை. ஒரு பிளாஸ்டிக் டப்பா, பொம்மைத் துப்பாக்கிக்குப் போடும் கறுப்பு பிளாஸ்டிக் மணிகள், ஒரு கரண்டி பவுடர், இவை போதும். மூடிக் குலுக்கினால் உரசலில் எழும் நிலைமின்சாரத்தில் பவுடர் குண்டின் மேல் ஒட்டிக்கொள்ளும்.

மகன் பிறந்து சில மாதங்கள் கழித்துத்தான் முதன்முதலாகப் பூசிப் பார்த்தேன். சிவப்புப் பவுடர். மனைவி ஒதுக்கிவிட்ட பழைய டோஸ்டர் ஓவனைக் கராஜுக்கு எடுத்து வந்திருந்தேன். முதல் தொகுதி சரியாக வரவில்லை. காற்றில் ஈரம் அதிகம் இருந்தது, நிலைமின்சாரம் எழவில்லை. பாதிக் குண்டுகளில் பவுடர் திட்டுத்திட்டாக நின்றது. சில நாள் பொறுத்து, காற்று உலர்ந்திருந்த ஓர் இரவில் மறுபடி குலுக்கினேன். மூடியைத் திறந்தால் எல்லாம் ஒரே சீராகச் செம்பருத்தி நிறத்தில் இருந்தன. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் நிறுத்தி, 200 டிகிரியில் ஓவனுக்குள் வைத்தேன். கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே நின்றேன். மாவு பூசியதைப் போல மங்கி நின்ற குண்டுகள் சற்று நேரத்தில் கசிந்து, இளகி, ஈரம் பட்டதாக மினுங்கின. இன்னும் இருபது நிமிடம் விட்டு வெளியே எடுத்து ஆறவைத்தேன். ஒன்றை இரும்புப் பட்டறைக்கல் மேல் வைத்துச் சுத்தியலால் ஒரே போடு. குண்டு அப்பளமாக நசுங்கியது. சிவப்பு மட்டும் எங்கேயும் உதிரவில்லை, கீறல்கூட விழவில்லை.

அந்தச் சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். நான் செய்து முடித்த எந்த மென்பொருளும் எனக்கு அதைத் தந்ததில்லை. கையில் எடுத்து உருட்டிப் பார்த்தேன். விரலில் சாம்பல் கறை படியவில்லை. “இனி இதில் ஈயம் இல்லை, பெயின்ட்தான்” என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். நான் வழுக்கியது அந்த இடத்தில்.

ஏனென்றால் அதுவரை எனக்குப் பயம் இருந்தது. மெழுகு பூசிய காலத்தில் கையுறை போட்டேன், வேலை முடிந்ததும் குளித்தேன், அதற்கென்று ஒரு சட்டை வைத்திருந்தேன். பூச்சு வந்ததும் ஒவ்வொன்றாக விட்டுவிட்டேன். பூச்சு காப்பாற்றுவது துப்பாக்கிக் குழலை. சுடுபவன் கை வெறும் ஈயத்தில் படாமலும் காக்கும். வார்ப்பவன் வீட்டை அது எப்படிக் காக்கும்? பூசுவதற்கு முன்னால் உருக்க வேண்டும், கசடு வழிக்க வேண்டும், வெறும் குண்டைக் கையால் அள்ளிப் பொறுக்க வேண்டும். குலுக்கிய டப்பாவின் அடியில் தங்கிய சிவப்புப் பவுடரே மெல்ல மெல்லக் கருத்துக்கொண்டு வந்தது. அதையும் பார்த்தேன்.

வார்க்கும் சூட்டில் ஈயம் ஆவியாவது மிகவும் குறைவு. புகையைக் கண்டு பயப்படுகிறவர்கள் அநேகமாகத் தப்பான இடத்தைப் பார்க்கிறார்கள். ஆபத்து கசடில் இருக்கிறது. அந்தச் சாம்பல் தூசு ஈய ஆக்சைடு. மணமில்லை, எரிச்சலில்லை, கையில் ஒட்டினால் வாய்வரை போகும். நான் கராஜ் தரையை விளக்குமாற்றால் பெருக்கினேன். செய்யவே கூடாதது அது. ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். பெருக்கினால் தூசு எழுந்து மறுபடி எங்கும் படியும். கராஜிலிருந்து வீட்டுக்குள் நுழையும் கதவை ஒட்டித்தான் எங்கள் செருப்புகள் கிடக்கும். வார்க்கும்போது போட்டிருந்த செருப்பையும் அங்கேயே கழற்றுவேன். பையன் தவழ ஆரம்பித்ததும் முதலில் போய்ச் சேர்ந்த இடம் அந்தச் செருப்புக் குவியல். வாரை எடுத்து வாயில் வைப்பான். ராத்திரி அவன் அழுதால், வேலை செய்த அதே பனியனோடு போய்த் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வேன். பனியனைச் சப்பிக்கொண்டே தூங்கிவிடுவான்.

ஒரு வயதுப் பரிசோதனைக்குப் போனபோது வரவேற்பறையில் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். பழைய வீடா, பெயின்ட் உரிகிறதா என்று வரிசையாகக் கேள்விகள். இங்கே வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தைத் தடை செய்தது 1978-இல். எங்கள் வீடு அதற்கு வெகு பிந்தியது. அதற்கெல்லாம் ‘இல்லை’ போட்டுக்கொண்டே வந்தேன். வீட்டில் யாருக்காவது ஈயம் சம்பந்தப்பட்ட வேலையோ பொழுதுபோக்கோ உண்டா என்று ஒரு கேள்வி. அடைப்புக்குறிக்குள் தூண்டில் ஈயமும் தோட்டாவும் உதாரணமாக இருந்தன. பேனா அங்கே நின்றது. பக்கத்தில் மனைவி. நான் ரேஞ்சுக்குப் போவதே அவளுக்குப் பிடிக்காது. கராஜில் ஏதோ ஒட்டுவேலை, பூச்சுவேலை நடக்கிறது என்றுதான் அவளுக்குத் தெரியும். டாக்டரும் நம் நாட்டுக்காரர். அவர் என்ன நினைப்பார் என்று கூச்சம். ‘இல்லை’ என்று குறித்தேன்.

சென்னையில் ஈயம் கலந்த பெட்ரோல் புகையில்தானே வளர்ந்தோம், நமக்கென்ன ஆகிவிட்டது என்று அன்றைக்கு எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது. இந்தியா அதை நிறுத்தியதே 2000-இல்தான். ஆனால் பெரியவர் விழுங்கும் ஈயத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் உடம்பில் சேரும். குழந்தைக்குப் பாதிவரை சேர்ந்துவிடும். இதை நான் அப்போதே படித்திருந்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அந்த கிளினிக்கில் ரத்தசோகை பார்க்கும்போதே எல்லாக் குழந்தைகளுக்கும் காரீயமும் பார்த்துவிடுவார்கள். அதனால்தான் வெளியே வந்தது. என் பதிலை நம்பி விட்டிருந்தால் இன்றுவரை தெரிந்திருக்காது. விரல் நுனியில் எடுத்த ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 9 மைக்ரோகிராம். உறுதிப்படுத்த நரம்பில் எடுத்தபோது 7. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கவனிக்க வேண்டிய அளவாக 2021-இல் வைத்திருப்பது 3.5. முன்பு 5 இருந்தது, அதற்கும் முன்பு 10. இந்த அளவுக்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு என்று யாரும் சொல்வதில்லை.

நர்ஸ் போனில் கூப்பிட்டு மனைவியிடம் பேசினார். கேள்வித்தாளில் எல்லாம் ‘இல்லை’ என்றிருந்ததால், நம்மைப் போன்ற குடும்பங்களிடம் கேட்கும் மற்றவற்றைக் கேட்டார்: ஊரிலிருந்து வந்த மசாலாப் பொடி, கண்மை, பித்தளைப் பாத்திரம், நாட்டு மருந்து. அவர் கேட்டதில் தப்பில்லை. மஞ்சளுக்கு நிறம் ஏற்ற லெட் குரோமேட் கலப்பதை வங்கதேசத்தில் கண்டறிந்து ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்டிருக்கிறார்கள். மனைவி அன்று ராத்திரியே அதைத் தேடிப் படித்தாள். எனக்கும் வாசித்துக் காட்டினாள். எதிரில் உட்கார்ந்து கேட்டேன். “அம்மா கையாலயே கெழங்கு வாங்கிக் காயவெச்சு மில்லுல நின்னு அரைச்சதுங்க. அதுல எப்படி?” என்று கேட்டாள். “மில்லுல முன்னாடி வேற யாராவது எதையாவது அரைச்சிருப்பாங்க” என்றேன்.

இந்த வாக்கியத்தை நான்தான் சொன்னேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. மௌனமாக இருந்திருந்தாலாவது மறைத்தேன் என்று நிற்கும். நானோ இட்டுக்கட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை அவள் மஞ்சள் டப்பாவைக் குப்பைப் பையில் கவிழ்த்தாள். மிளகாய்த்தூள், சாம்பார் பொடி, அம்மா காய்ச்சி அனுப்பிய கண்மைச் சிமிழ், சீர்வரிசையில் வந்த பித்தளைக் குடம் எல்லாம் போனது. அப்புறம் ஈரோட்டுக்குப் போன் போட்டாள். “இனிமே ஒண்ணும் அனுப்பாதம்மா. உன் பொடியில ஏதோ இருக்காம்” என்றாள். மாமியார் என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு இவள் அழுதாள். மகனுக்காக அழுதாளா, அம்மாவை அப்படிப் பேசியதற்காக அழுதாளா என்று கேட்கிற தகுதி எனக்கு இல்லை.

அன்று சாயங்காலம்தான் சொன்னேன். மனசாட்சி உறுத்தியது உண்மை. அடுத்த வாரம் வீட்டுத் தூசை எடுத்துப் பரிசோதிக்கலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தார் என்பதும் உண்மை. எது என்னை முதலில் அசைத்தது என்று கேட்டால், இரண்டாவதுதான். கராஜுக்குக் கூட்டிப்போய்ச் சட்டியையும் காபி டப்பாவையும் காட்டினேன். அவள் சத்தம் போடவில்லை. “அந்த பாரத்துல என்ன எழுதுனீங்க?” என்று மட்டும் கேட்டாள். கேள்வித்தாள் நிரப்பும்போது என் பேனா நின்றதை அவள் கவனித்திருக்கிறாள்.

பிறகு நடந்தவை வேலைகள். சோப்புத் தண்ணீரில் தரையையும் சுவர் விளிம்பையும் பலமுறை ஈரத்துணியால் துடைத்தோம். கதவோரத்து மிதியடி, செருப்புகள், அந்த பனியன் எல்லாவற்றையும் கட்டி அப்புறப்படுத்தினோம். கசடையும் டோஸ்டர் ஓவனையும் அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படைத்தேன். மருந்து கொடுத்து ஈயத்தை இறக்கும் சிகிச்சை, ரத்தத்தில் அளவு 45-ஐ எட்டினால்தான். இவனுக்கு இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் சேர்ந்தால் போதும், காரணத்தை அகற்றினால் தானாக இறங்கும் என்றார் டாக்டர். ராகிக் கூழ் கொடுத்தோம். இறங்கியது, இப்போது 3-க்குக் கீழே. ரத்தத்தில் இருக்கும் ஈயம் ஒரு மாதத்தில் பாதியாகும். எலும்பில் போய்ச் சேர்ந்தது வருடக்கணக்கில் இருக்கும். அவன் பேசத் தாமதித்தால், ஒரு கணக்கு வராமல் திணறினால், அது இதனாலா என்று நான் யோசிப்பேன். பதில் யாராலும் சொல்ல முடியாது.

மாமியாரிடம் நானே போன் செய்து நடந்ததைச் சொன்னேன். “கொழந்தைக்கு இப்ப எவ்வளவு இருக்குதுங்க மாப்பிள்ளை?” என்று கேட்டார். எண்ணைச் சொன்னேன். அதற்கப்புறம் அவர் மஞ்சள் அனுப்பவில்லை. அனுப்புங்கள் என்று கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை. மனைவி கடையில் வாங்குகிறாள்.

உருக்குச் சட்டியை விற்றுவிட்டேன். அச்சை விற்கவில்லை. கழுவித் துடைத்து, எண்ணெய் போட்டு, பூட்டிய பெட்டியில் மேலே வைத்திருக்கிறேன். வீட்டைவிட்டுத் தள்ளித் தனியாக ஒரு கொட்டகை போட்டு, உடையும் செருப்பும் அங்கேயே விட்டுக் குளித்துவிட்டு வந்தால் செய்யலாமே என்று இப்போதும் தோன்றுகிறது. அச்சு இருப்பது மனைவிக்குத் தெரியாது. இந்தக் கட்டுரையை அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் அவள் படிக்க வேண்டும் என்று மேசைமேல் வைத்திருக்கிறேன்.