அப்பாவிடம் சொல், ஜாக்

2023 நவம்பர் 28. அட்லாண்டாவில் ஒரு தேவாலயத்தில் ரோசலின் கார்ட்டருக்கு அஞ்சலிக் கூட்டம் நடந்தது. முன்வரிசையில், சாய்ந்து படுக்கும் சக்கர நாற்காலியில் 99 வயது ஜிம்மி கார்ட்டர். கால்களை மூடிய போர்வையில் கணவன் மனைவி இருவரின் முகங்களும் இருந்தன. அவரால் பேச முடியாத நிலை. மகள் ஏமி எழுந்து, அப்பாவுக்குப் பதிலாக அவருடைய பழைய கடிதம் ஒன்றைப் படித்தார். 75 ஆண்டுகளுக்கு முன், கடற்படையில் இருந்தபோது மனைவிக்கு எழுதியது. ஒவ்வொரு முறை பிரிந்து திரும்பும்போதும் நீ எவ்வளவு அருமையானவள் என்று புதிதாகத் தெரிந்துகொள்கிறேன் என்பது அதன் சாரம்.

அழகான கடிதம்தான். ஆனால் அதை எழுதியபோது அவர் நல்ல காதலராக மட்டுமே இருந்தார். நல்ல கணவராவதற்கு இன்னும் பல வருஷங்கள் பிடித்தன. உலகம் அவரை அமெரிக்காவின் 39-வது அதிபராகவும், கடலை வியாபாரியாகவும், 2002-ல் நோபல் பரிசு வாங்கியவராகவும் நினைவு வைத்திருக்கிறது. அவரை ஒரு பழைய கடற்படைக்காரராகவும் குடும்பஸ்தராகவும் பார்த்தால் வேறொரு கதை தெரிகிறது.

ஜார்ஜியா மாநிலத்தில் பிளெயின்ஸ் என்ற சின்ன ஊர். 1927-ல் ரோசலின் பிறந்தபோது பிரசவத்துக்கு உதவிய நர்ஸ், பக்கத்து வீட்டு லில்லியன் கார்ட்டர். குழந்தையைப் பார்க்கத் தன் மூன்று வயதுகூட நிறையாத மகன் ஜிம்மியையும் கூட்டிப் போனார். மருமகளைப் பிறந்த மறுநாளே மகனுக்குக் காட்டிய மாமியார் என்று சொன்னால் தப்பில்லை. (இதே லில்லியன் 68 வயதில் அமைதிப் படைத் தொண்டராக இந்தியாவுக்கு வந்து, பம்பாய் விக்ரோலியில் மருத்துவப் பணி செய்தார் என்பது தனிக் கதை.)

1945-ல், அன்னாபோலிஸ் கடற்படைக் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்த ஜிம்மி, தங்கையின் தோழி ரோசலினைச் சினிமாவுக்கு அழைத்துப் போனார். மறுநாள் காலை அம்மாவிடம், இவளைத்தான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்றார். ரோசலினும் முதலில் மயங்கியது அவருடைய தங்கை அறைச் சுவரில் தொங்கிய சீருடைப் படத்தைப் பார்த்துத்தான். ஆனாலும் ஜிம்மி முதலில் கேட்டபோது ரோசலின் மறுத்துவிட்டார். படிப்பை முடிப்பேன் என்று, சாகக் கிடந்த அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அப்போது அவருக்கு 13 வயது. 1946 ஜூனில் ஜிம்மி பட்டம் பெற்ற அன்று அதிகாரிக்கான தோள்பட்டைச் சின்னத்தை ஒரு பக்கம் அம்மாவும் மறுபக்கம் ரோசலினும் பொருத்தினார்கள். ஜூலை 7 அன்று கல்யாணம். பெண்ணுக்கு 18, மாப்பிள்ளைக்கு 21.

அடுத்த ஏழு வருஷமும் ஊர் ஊராகக் குடித்தனம். பிள்ளைகள் பிறந்த இடங்களைச் சொன்னாலே அப்பாவின் பணியிடங்கள் தெரிந்துவிடும்: ஜாக் வர்ஜீனியாவின் போர்ட்ஸ்மத்தில், சிப் ஹவாயில், ஜெஃப் கனெக்டிகட்டின் நியூ லண்டனில். வாரத்தில் பெரும்பகுதி கணவர் கடலில். கைக்குழந்தை, வாடகை, குழாய் ரிப்பேர், கடன் பாக்கி எல்லாம் இருபது வயதுப் பெண்ணின் பொறுப்பு. ஒரு முறை ஹவாயிலிருந்து சீனப் பக்கம் போன பாம்ஃப்ரெட் என்ற நீர்மூழ்கி, புயலில் மாட்டியது. இரவில் மேல்தளத்தில் காவல் நின்ற கார்ட்டரை ஒரு பேரலை தூக்கிக்கொண்டு போய்ப் பின்புறம் இருந்த பீரங்கியின் மேல் போட்டது. அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பிழைத்தார். அலை கொஞ்சம் பக்கவாட்டில் அடித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இந்த வாழ்க்கையை ரோசலின் வெறுக்கவில்லை என்பதுதான் வியப்பு. சொந்த ஊரில் அம்மா, மாமியார் நிழலில் வாழாமல், தன் வீட்டைத் தானே நடத்துகிற சுதந்திரம் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

ஜிம்மிக்கும் ஏறுமுகம்தான். அணுசக்தி நீர்மூழ்கித் திட்டத்தை நடத்திய ஹைமன் ரிக்கோவரிடம் சேர்ந்தார். கல்லூரியில் உன்னால் முடிந்த அளவு முழுசாக முயன்றாயா என்று நேர்காணலில் ரிக்கோவர் கேட்க, இல்லை என்று உண்மையைச் சொன்னவர் இவர். 1952 டிசம்பர் 12-ல் கனடாவின் சாக் ரிவர் அணு உலையில் விபத்து. உள்ளே இறங்கிப் பிரித்தெடுக்க அனுப்பப்பட்ட அமெரிக்கக் குழுவுக்கு 28 வயது கார்ட்டர் தலைவர். பக்கத்து டென்னிஸ் மைதானத்தில் உலையைப் போலவே ஒரு மாதிரியை அமைத்து, எந்த மறையை யார் கழற்றுவது என்று திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்தார்கள். ஒருவர் உள்ளே இருக்கலாம் என்று அனுமதித்த நேரம் சுமார் ஒன்றரை நிமிஷம். அந்த நேரத்துக்குள், ஒரு வருஷம் முழுக்க உடம்பு தாங்கலாம் என்று வரையறுத்த கதிர்வீச்சு ஏறிவிடும். அதன் பிறகு பல மாதங்கள் அவருடைய சிறுநீரில் கதிரியக்கம் தென்பட்டது. அடுத்து, கட்டப்பட்டு வந்த சீவுல்ஃப் என்ற அணு நீர்மூழ்கியில் பொறியியல் அதிகாரிப் பதவி காத்திருந்தது.

1953 ஜூலையில் அப்பா ஏர்ல் கார்ட்டர் கணையப் புற்றுநோயில் இறந்தார். படுக்கையருகே உட்கார்ந்திருந்த மகனுக்கு அப்போதுதான் அப்பாவைத் தெரிந்தது. கறுப்பரும் வெள்ளையருமாக ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். வெளியில் சொல்லாமல் செய்த உதவிகள், திருப்பிக் கேட்காத கடன்கள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. நான் கடற்படையில் எவ்வளவு உயர்ந்தாலும் இத்தனை பேருக்கு வேண்டியவனாக ஆவேனா என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போவது என்று முடிவெடுத்தார். அதாவது, தனியாக முடிவெடுத்தார். மனைவிக்குத் தகவலாகத்தான் சொன்னார்.

ரோசலின் அழுதார், கத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. நியூயார்க் மாநிலத்தின் ஷெனெக்டடியிலிருந்து ஜார்ஜியா வரை கார்ப் பயணம். மூன்று பையன்களும் உள்ளே. வழிநெடுக ரோசலின் கணவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கழிப்பறைக்கு வண்டியை நிறுத்த வேண்டும் என்றாலும், ஆறு வயது மூத்தவனிடம் திரும்பி, 'ஜாக், நிறுத்தச் சொல்லி அப்பாவிடம் சொல்' என்பார். முன்சீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் கணவர். நம் ஊரில் கோபித்துக்கொண்ட மனைவி, பிள்ளையைத் தூது விடுவது போலவேதான். பிற்காலத்தில் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தவர் ஜிம்மிதான்.

ஊரில் அரசு கட்டிய ஏழைகள் குடியிருப்பில் ஒரு வீடு கிடைத்தது. 1954-ல் வறட்சி. கடலை சாகுபடி பொய்த்தது. முதல் வருஷ வருமானம் 300 டாலரைக்கூடத் தொடவில்லை. கடலை மண்டியில் உதவிக்கு ஆள் வைக்கப் பணம் இல்லாததால், தொலைபேசி எடுக்கவும் பில் போடவும் கொஞ்சம் வந்து உட்காரேன் என்று ஜிம்மி ரோசலினைக் கேட்டார். ரோசலின் வந்தார், கணக்கியல் புத்தகங்களைத் தானாகவே படித்தார், பேரேட்டைக் கையில் எடுத்தார். சில வருஷங்களில் எதில் லாபம், எதை நிறுத்த வேண்டும் என்பது கணவரைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்தது. இந்த வீட்டின் வரலாற்றில் நிஜமான கல்யாணம் அந்தக் கடலை மண்டியில்தான் நடந்தது என்பேன்.

அதற்காக மனுஷர் ஒரே நாளில் திருந்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். 1962 அக்டோபர் 1, அவருடைய 38-வது பிறந்தநாள். காலையில் வேலை உடுப்புக்குப் பதில் ஞாயிற்றுக்கிழமைக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார். எங்கே புறப்பாடு என்று ரோசலின் கேட்டபோதுதான், மாநில செனட் தேர்தலில் நிற்கப் போகிறேன் என்பதையே சொன்னார்! கலந்து பேச வேண்டும் என்ற எண்ணமே தனக்கு வரவில்லையே என்று பிற்காலத்தில் அவரே அதிசயித்தார். கப்பலில் உத்தரவு போட்டுப் பழகியது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அந்தக் காலத்து ஆண்களில் முக்கால்வாசிப் பேர் கப்பலில் ஏறாமலே அப்படித்தான் இருந்தார்கள்.

அதிபராகி வெள்ளை மாளிகைக்குப் போன சமயத்தில் அவர் வேறு ஆளாகியிருந்தார். அமைச்சரவைக் கூட்டங்களில் ரோசலின் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். பத்திரிகைகள் கேலி செய்தன, கணவர் கண்டுகொள்ளவில்லை. வாரம் ஒரு நாள் மதியச் சாப்பாடு இருவரும் சேர்ந்து, அதுவும் அலுவல் பேசுவதற்காகவே. 1977-ல் லத்தீன் அமெரிக்காவின் ஏழு நாடுகளுக்குத் தன் சார்பில் பேச அவரை அனுப்பினார்.

1980 தேர்தல் தோல்விக்குப் பிறகு பிளெயின்ஸ் திரும்பியபோது, வியாபாரம் 10 லட்சம் டாலருக்கு மேல் கடனில் கிடந்தது. மண்டியை விற்றார்கள். வெள்ளை மாளிகையில் ஜிம்மியிடம் வேலை பார்த்தவர்கள் பிரிவுப் பரிசாக மரவேலைக் கருவிகள் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வேண்டிய மேஜை நாற்காலி செய்தார்.

அந்தக் குடும்பத்தை உண்மையில் ஆட்டிவைத்தது ஒரு புத்தகம். இருவரும் சேர்ந்து எழுதிய, 1987-ல் வெளியான 'எவ்ரிதிங் டு கெய்ன்'. ஜிம்மி வேகமாக எழுதுபவர். ரோசலின் வரிவரியாகச் செதுக்குபவர். ஒரே சம்பவம் இருவர் நினைவிலும் வேறு வேறு. நான் எழுதியதை முதல் வரைவு போல வெட்டுகிறாள், அவள் எழுதியதையோ கடவுள் மலையில் கொடுத்த கற்பலகை போல வைத்துக்கொள்கிறாள் என்பது ஜிம்மியின் புகார். நேரில் பேச முடியாமல், கணினியில் எழுதிப் பரிமாறிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுகூட யோசித்தார்கள். பதிப்பாசிரியர்தான் வழி சொன்னார்: ஒத்துப்போகாத பத்திகளுக்கு மேல் 'ஜே' அல்லது 'ஆர்' என்று யாருடையது என்பதைப் போட்டுவிடுங்கள். அப்படியேதான் அச்சானது. சண்டையோடு தூங்கப் போகக் கூடாது என்பது அவர்கள் வீட்டு விதி. இரவில் பைபிளை, பயிற்சிக்காக ஸ்பானிய மொழியில், மாறி மாறிப் படிப்பார்கள்.

பிறகு நடந்ததெல்லாம் ஊரறிந்தது. 1984 முதல் இருவரும் சுத்தியல் எடுத்து ஏழைகளுக்கு வீடு கட்டினார்கள். 2006-ல் மகாராஷ்டிராவின் லோனாவாலா பக்கம் வந்து கட்டிய நூறு வீடுகளும் அதில் சேரும். 2019 அக்டோபரில் வீட்டில் விழுந்து ஜிம்மிக்கு நெற்றியில் 14 தையல். 95 வயதுக்காரர், வீங்கிய கறுத்த கண்ணோடு நாஷ்வில் போய்த் தொண்டர்களோடு நின்றார். ரோசலின் போன பிறகு ஓராண்டுக்குச் சற்று அதிகம் இருந்து, 2024 டிசம்பர் 29-ல், 100 வயதில் காலமானார். பிளெயின்ஸ் வீட்டு வளாகத்திலேயே மனைவி பக்கத்தில் அடக்கம். கடற்படை விமானங்கள் மேலே பறந்தன.

கடற்படையோடு ரோசலினுக்கு இருந்த கணக்கு மட்டும் 2004-ல்தான் தீர்ந்தது. சீவுல்ஃப் வகையில் மூன்றாவதும் கடைசியுமான அணு நீர்மூழ்கிக்கு ஜிம்மி கார்ட்டர் என்று பெயர் வைத்தார்கள். அதன் மூக்கில் புட்டியை உடைத்துப் பெயர் சூட்டும் புரவலர் பதவி ரோசலினுக்கு. கடற்படையை விடவே மாட்டேன் என்று ஒரு காலத்தில் மல்லுக்கு நின்ற பெண்ணின் கையில் புட்டி இருந்தது. முன்னாள் லெஃப்டினன்டுக்கு அன்றைக்குப் பெரிதாக வேலை எதுவும் இல்லை.