வயிறு பெருசு, வாய் எங்கே?

"குட்டையைத் தூர்வாரியும் கிணற்றில் தண்ணீர் ஏறவில்லையே, ஏன்?" என்று கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதே கேள்வியோடு இரண்டு வருஷம் அலைந்தவன் நான்.

எங்கள் ஊர் பர்கூர் பக்கம். கரட்டடி நிலம், மாந்தோப்பு. 800 அடிக்கு இரண்டு போர் போட்டேன். ஒன்றில் புழுதிதான் பறந்தது. இன்னொன்றில் அரை மணி நேரம்தான் தண்ணீர் வரும். 2017-ல் குடிமராமத்து மீண்டும் தொடங்கிய பிறகு, நம் ஊர்க் குட்டையையும் நாமே எடுத்துக் கட்டலாம் என்று பேசி, வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் போட்டோம். ஒன்றரை ஏக்கர் குட்டை. 1 ஏக்கரில் 1 அடி தண்ணீர் நின்றாலே சுமார் 12 லட்சம் லிட்டர். அனுமதி வாங்கி ஹிட்டாச்சி விட்டு ஆழமாக்கினோம். வண்டல் எல்லாம் தோப்புகளுக்குப் போனது.

நல்ல மழை பெய்தும் முழங்கால் அளவுதான் நின்றது. மறு வருஷமும் அப்படியே. ஒரு பெரியவர் கரையில் நின்று, "வயித்தப் பெருசாக்கிட்டீங்க, வாய் எங்கப்பா?" என்றார்.

கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடம் பார்த்தோம். கரட்டிலிருந்து வரும் வரத்துக் கால்வாய் என் தோப்பு வழியாகத்தான் போகிறது. பெங்களூரா கன்று வைத்தபோது ஜேசிபி விட்டு அதை நிரவியவன் நான்தான்.

காய்ப்பில் இருந்த 11 மரம். ஊர்க்கூட்டத்தில் யாரும் வாய் திறந்து என்னைக் கேட்கவில்லை; அதுதான் அதிகம் உறுத்தியது. வெட்டினேன். என் வீட்டுக்காரி இரண்டு நாள் பேசவில்லை. மேலே இரண்டு பேர் தங்கள் பக்கம் கால்வாயைத் திறந்துவிட்டார்கள். ஒருவர் இன்னும் விடவில்லை.

அடுத்த ஐப்பசியில் குட்டை கோடி போனது. தை மாதத்தில் என் கிணற்றில் 20 அடி தண்ணீர். போரில் மட்டும் மாற்றமில்லை. எங்கள் பக்கம் அடியில் கெட்டிப் பாறை. குட்டைத் தண்ணீர் முரம்பு, மக்கிய பாறை வழியாக முதலில் கிணறுகளுக்குத்தான் வரும். அடிப்பாறையில் வெடிப்பு இருந்து, அது மேலடுக்கோடு சேர்ந்திருந்தால்தான் போருக்கு இறங்கும்.

எனவே அந்த வாசகருக்குச் சொல்கிறேன். மிஷினைக் கூப்பிடும் முன் புல வரைபடத்தைப் பாருங்கள். மழை பெய்யும்போதே குடை பிடித்துக்கொண்டு கரடு வரை நடந்து, தண்ணீர் எங்கே திரும்புகிறது என்று பாருங்கள். தூர்வாரும்போது கரையடியைத் தோண்டாதீர்கள், கரை பலமிழக்கும். குட்டைக்குள் தண்ணீர் இறங்கும் இடத்தில் சின்னதாக ஒரு வண்டல் குழி எடுத்து, வருஷா வருஷம் சித்திரையில் வாரிவிடுங்கள்.

அப்படி நடந்து போகும்போது, முதலில் உங்கள் சொந்த வரப்பைப் பாருங்கள்.