தாளத்தில் ஏறிய சொல்

ஹிப்ஹாப் கச்சேரிக்குப் பிள்ளைகளை அனுப்பலாமா என்னும் கேள்வி இன்று நம் இல்லங்கள் பலவற்றில் எழுகின்றது. ஆதம்பாக்கத்தில் நம் வீட்டிலும் எழுந்தது. கேட்டவன் பேரன், தடுத்தவர் அவன் தகப்பனார், வழக்கு நம்மிடம் வந்தது. விசாரியாமல் தீர்ப்புரைப்பது முறையன்று. ஆகவே அவன் கைப்பேசியில் காட்டிய கச்சேரி ஒன்றைக் கடைசிவரை இருந்து பார்த்தோம்.

அது 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் நடந்தது. பரங்கிமலையில் மின்சார ரயிலேறிச் சேத்துப்பட்டில் இறங்கினால் எட்டிவிடும் இடந்தான். மயிலாப்பூர் சபாக்களில் மார்கழிக் கச்சேரிகள் நிகழும் அதே நாட்களில், இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் அமைத்த மேடையில் கானாப் பாடகரும், பறையடிப்போரும், அறிவு முதலிய ராப் பாடகருமாக 19 பேர் ஓரணியாய் நின்றனர். குழுவின் பெயர் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய 'சாதி பேதமற்ற தமிழர்' என்ற தொடரே அதற்கு மூலம். இழவு வீட்டு வாசலில் இரவெல்லாம் பாடப்பட்டு, அவ்வாசலோடு நிறுத்தப்பட்டிருந்த கானா, அன்று விளக்கொளியில் தலைநிமிர்ந்து நின்றது.

ராப் என்பது பாட்டுக்கும் பேச்சுக்கும் இடைப்பட்டது. ஓடும் தாளத்தின்மேல் எதுகை இயைபோடு சொல்லை ஏற்றிச் செலுத்துவது. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், 1973இல் கறுப்பின இளைஞர் கூடிய ஒரு விருந்தில் ஹிப்ஹாப் பிறந்தது என்பர். நமக்கோ, நோன்பு மாதத்து ஸஹர் வேளையில் தப்ஸ் தட்டித் தெருத்தெருவாய்ப் பாடி நம்மை எழுப்பிய பக்கீர் பாவாக்களே நினைவில் எழுந்தனர். அவர்களும் சொல்லைத் தாளத்தில் ஏற்றியவர்களல்லவா? குணங்குடி மஸ்தான் சாகிபு வாழ்ந்து மறைந்ததும் கானா வளர்ந்த அந்த வடசென்னையில்தானே!

ஹவுஸ் இசையையும் பேரன் விளக்கினான். சிகாகோவின் 'வேர்ஹவுஸ்' என்ற நடனக் கூடத்தால் வந்த பெயராம். அதில் துடிப்பு மிகுதி, சொல் அரிது. நம் செவிக்கு அவ்வளவு பொறுமையில்லை.

ராப் கச்சேரிக்கு அனுமதி கொடுத்தோம். தகப்பனாரும் துணை செல்லவேண்டும் என்ற நிபந்தனையோடு. இரவையும் கூட்டத்தையும் பற்றிய அவர் கவலை வீணானதன்று.

நம்மை உறுத்தியது மற்றொன்று. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பியவர். அவர் சொல்லக் கேட்டவை, 2021இல் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டில் ஏறி உலகைச் சுற்றின. 2022 ஜூலை 28 அன்று நேரு உள்விளையாட்டரங்கில், சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாட்டு ஒலித்தது. தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினர். அறிவு அம்மேடையில் இல்லை. பாட்டில் எவர் பங்கு எவ்வளவு என்பதில் பின்னர் எழுந்த வழக்கில் நாம் நுழையவில்லை. ஆயினும், ஓதப்படும் வரிகள் நிலைத்திருக்க, பாடிய பெயர் மட்டும் மறைந்துபோன நம் முனாஜாத்துப் புலவர்களை அன்றிரவு நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தோம்.