ஊசிப் பெயாரிங்கின் ஆயுள்: பம்பலப்பிட்டி கராச்களில் ஒரு களப்பார்வை

மண்பாதையில் ஓடும் மோட்டார் சைக்கிளின் பின்சக்கர சஸ்பென்சனில், பாரம் தாங்கமாட்டாமல் தேய்ந்துபோகும் பெயாரிங்குகள் சில. நீர் புகுந்து, கிறீஸ் கழுவுண்டு, துருவேறி இறுகிப்போவனவே பல. காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை ஒழுங்கைகளின் சிறு கராச்களில் கழற்றி ஒதுக்கப்பட்ட பழைய பெயாரிங்குகளைப் பார்வையிடுவோருக்கு இது எளிதில் புலப்படும். உருளைகள் உடைந்து கிடப்பதைவிடச் செம்பழுப்புத் தூளில் புதைந்து ஒட்டிக்கிடப்பதே மிகுதி. ஆகவே இத்தொழிலாளரின் திறமையைப் பெயாரிங் மாற்றும் வேகத்தைக் கொண்டு அளப்பதைவிட, மாற்றவேண்டிய நாளை எவ்வளவு தள்ளிப்போடுகிறார்கள் என்பதைக் கொண்டு அளப்பதே பொருந்தும்.

இந்தப் பெயாரிங்குகள் ஏன் இத்தனை உள்ளன என்பதற்குச் சஸ்பென்சனின் வரலாறு விடை தருகிறது. பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை வடிவச் சட்டம் ஸ்விங் ஆம் எனப்படும். அது வண்டியின் உடற்சட்டத்தில் ஒரு நீண்ட போல்ட்டை அச்சாகக் கொண்டு மேலும் கீழும் அசையும். முற்காலத்தில் அதன் இருபுறமும் ஒவ்வொன்றாக இரண்டு சொக் அப்சோபர்கள் நேரடியாகப் பொருத்தப்பட்டிருந்தன. பெல்ஜியப் பொறியியலாளர் லூசியன் டில்கன்ஸ் வகுத்த ஒற்றைச் சொக் முறையை யமஹா நிறுவனம் வாங்கியது. அம்முறையில் அமைந்த வண்டியில் சுவீடன் வீரர் ஹாக்கன் அண்டர்சன் 1973இல் 250 சிசி மோட்டோகுரொஸ் உலகப் பட்டத்தை வென்றார். 1980களின் தொடக்கத்துக்குள் ஹொண்டாவின் புரோ-லிங்க், கவசாகியின் யுனி-டிராக், சுசுகியின் ஃபுல் ஃபுளோட்டர் ஆகிய முறைகள் சொக்குக்கும் ஸ்விங் ஆமுக்கும் இடையே லிங்க் எனப்படும் நெம்புகோல் இணைப்பைப் புகுத்தின. சிறு குழியில் மென்மையாகவும், உயரத்திலிருந்து இறங்கும்போது கடுமையாகவும் சஸ்பென்சன் இயங்குவதற்கு இந்த இணைப்பே காரணம். ஆனால் அதனோடு ஒவ்வொரு மூட்டிலும் பெயாரிங்குகள் சேர்ந்தன. அவையும் வண்டியின் அடிப்பகுதியில், பின்சக்கரம் சேற்றை வாரியடிக்கும் இடத்துக்கு மிக அருகிலேயே அமைந்தன.

இம்மூட்டுகளில் இடம் குறுகியது, பாரம் பெரியது என்பதால் குண்டுப் பெயாரிங்குக்குப் பதிலாக ஊசிப் பெயாரிங் பயன்படுகிறது. மெல்லிய நீண்ட உருளைகள் ஒரு வளையத்துக்குள் சுற்றிவர அடுக்கப்பட்டிருக்க, நடுவே கடினமாக்கப்பட்ட உருக்குக் குழாய் ஒன்று போல்ட்டால் இறுக்கப்பட்டு அசையாமல் நிற்கும். உருளைகள் அதன்மேல் உருளும். சக்கரத்தின் பெயாரிங் முழுச் சுற்றுச் சுற்றுவதால் கிறீஸை எல்லாப் பக்கமும் பரப்பிக்கொள்கிறது. லிங்க் பெயாரிங்கோ சுற்றின் ஒரு பகுதியளவே முன்னும் பின்னும் அசைவதால், குறிப்பிட்ட சில உருளைகளே பாரத்தைத் தாங்க, அவற்றின் கீழிருந்து பிதுங்கிய கிறீஸ் எளிதில் திரும்புவதில்லை. அந்நிலையில் உலோகமும் உலோகமும் நேரே உரசி, உருளைகளின் இடைவெளிக்கு ஒத்த வரிவரியான பள்ளங்கள் குழாயில் விழுகின்றன. கடினத்தன்மையை அளக்கும் முறையை 1900இல் அறிமுகப்படுத்திய சுவீடன் பொறியியலாளர் யோகான் ஒகஸ்ட் பிரினெல்லின் பெயரால், மிகைப்பாரம் அழுத்திப் பதித்த பள்ளம் பிரினெல் பதிவு எனவும், அதுபோலத் தோன்றினாலும் சிற்றசைவின் தேய்வால் உண்டான பள்ளம் போலிப் பிரினெல் பதிவு எனவும் வழங்கப்படுகின்றன.

நீர் சேரும்போது இத்தேய்வு பன்மடங்கு விரைவடைகிறது. பெயாரிங்குக்குரிய வழக்கமான உருக்கில் ஏறத்தாழ 1 சதவீதம் கரியும் 1.5 சதவீதம் குரோமியமும் உள்ளன; துருப்பிடிக்காத உருக்கு எனப்படுவதற்குக் குரோமியம் குறைந்தது 10.5 சதவீதமாவது இருக்க வேண்டும். ஆகவே எவ்வளவு பளபளத்தாலும் ஈரத்தை எதிர்க்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. கரையோர ரயில் பாதையும் மரைன் டிரைவும் கடலை ஒட்டிச் செல்லும் பம்பலப்பிட்டியில் காற்றோடு உப்பும் வருகிறது. படிந்த உப்பு ஈரத்தை இழுத்துவைத்துத் துருவைத் தூண்டுகிறது. தியத்தலாவையின் பொக்ஸ்ஹில் சுப்பர்குரொஸ் போன்ற போட்டிகளுக்கோ மலையகத்து மண்பாதைகளுக்கோ சென்று திரும்பும் வண்டி, ஓடும்போது கெடுவதைவிட, அவசரமாகக் கழுவப்பட்டு வாரக்கணக்கில் நிறுத்திவைக்கப்படும்போது கூடுதலாகக் கெடக்கூடும். உயர் அழுத்த நீர்க்குழலை மூட்டுக்கு நேராகப் பிடித்தால், தூசியைத் தடுப்பதற்கென அமைந்த றப்பர் சீலின் உதட்டைத் தாண்டி நீர் உள்ளே புகுந்துவிடும். மண்ணை ஊறவைத்துத் தூரிகையால் தேய்த்து, குறைந்த அழுத்தத்தில் கழுவி, துடைத்து உலர்த்துவதே பாதுகாப்பான முறை.

பரிசோதனை எளிய ஒன்று. இலங்கை வழக்கில் பாஸ் என அழைக்கப்படும் தலைமைத் தொழிலாளி, பின்சக்கரம் நிலத்தில் படாதவாறு வண்டியைத் தாங்கியில் நிறுத்திச் சக்கரத்தை மெல்ல மேலே தூக்குகிறார். சொக் அசையத் தொடங்குமுன்னரே கையில் ஒரு தட்டல் உணரப்பட்டால் லிங்கிலோ சொக்கின் முனைகளிலோ ஆட்டம் உண்டு. ஸ்விங் ஆமைப் பக்கவாட்டில் தள்ளி அதன் அச்சிலுள்ள ஆட்டமும் அறியப்படுகிறது. ஆயினும் துருவேறி இறுகிய பெயாரிங் ஆடாது என்பதால், ஆட்டமின்மையை நலத்தின் அடையாளமாகக் கொள்ள முடியாது. சொக்கைக் கழற்றி ஸ்விங் ஆமைத் தனியே அசைத்து, கரகரப்போ இறுக்கமோ உண்டா எனப் பார்த்தபின்னரே முடிவு செய்யப்படுகிறது.

பிரித்தபின் பாகங்கள் மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தப்படுகின்றன. சிலவகைப் பெயாரிங்குகளில் உருளைகளைப் பிடித்துவைக்கும் கூடு இல்லாததால், அவை உதிர்ந்து தொலைந்துவிடாதவாறு எண்ணி ஒரு தட்டில் வைக்கப்படுகின்றன. உள்குழாயின்மேல் நகத்தை ஓட்டும்போது பள்ளம் தட்டுப்பட்டால் குழாயும் பெயாரிங்கும் சேர்த்தே மாற்றப்பட வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் அரிக்கும். பள்ளமின்றி ஒரு பக்கம் இலேசாக மினுங்குமளவே இருந்தால், குழாயைச் சற்றுத் திருப்பிப் பொருத்துவதன்மூலம் பாரம் தாங்காத புதிய பரப்பைப் பாரத்துக்கு நேரே கொண்டுவரலாம். செலவின்றி ஆயுளைக் கூட்டும் நுட்பம் இது.

கிறீஸ் என்பது எண்ணெயைத் தன்னுள் பிடித்துவைக்கும் ஒருவகைச் சவர்க்காரக் கலவை. எந்தச் சவர்க்காரம் என்பதைப் பொறுத்தே அதன் நீர் எதிர்ப்பு அமையும். பொதுப் பயன்பாட்டுக்குரிய லித்தியம் கிறீஸைவிடக் கால்சியம் சல்ஃபனேற்று வகை நீரையும் துருவையும் நன்கு தாங்கும். ஒன்றோடொன்று ஒவ்வாத வகைகள் கலந்தால் கிறீஸ் இளகி வடிந்துவிடக்கூடும் என்பதால் பழையது முற்றாக அகற்றப்பட வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும் புதிய வண்டிகளிலும் கிறீஸ் சிக்கனமாகவே இடப்பட்டிருப்பதுண்டு. அனுபவமுள்ளோர் உருளைகளின் இடைவெளிகளையும் சீலின் உட்புறத்தையும் நிரப்பி, நீருக்கு இடம் இல்லாமல் செய்துவிடுகின்றனர். போல்ட்டின் உடலிலும் மெல்லிய பூச்சு இடப்படுகிறது. இல்லாவிடில் அது குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகி, அடுத்த முறை அறுத்தெடுக்க நேரும்.

மாற்றியே ஆகவேண்டிய இடத்தில், பழைய பெயாரிங் இருந்த ஆழம் முதலில் அளந்து குறிக்கப்படுகிறது. புதியதைச் சுத்தியலால் அடித்தால் மெல்லிய வளையம் கோணிவிடும்; ஆதலால் பொருத்தமான அளவுள்ள சொக்கெட்டை இடைவைத்து, எண் பொறிக்கப்பட்ட முனையில் அழுத்தம் படுமாறு வைஸில் மெல்ல இறுக்கிச் செலுத்துகின்றனர்.

இப்பொறுமைக்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் முழுமையாகத் திறக்கத் தொடங்கியது; 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபாயளவுக்கு உயர்ந்தது. பழைய ஜப்பானிய வண்டிகளையே தொடர்ந்து ஓட்ட வேண்டிய நிலையில், வண்டியின் பெயரைச் சொல்லித் தொகுதியாக வாங்குவதற்குப் பதிலாக, உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் ஆகியவற்றை வெர்னியரால் அளந்து, பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் அளவைச் சொல்லித் தேடுவது ஒரு சிக்கன வழி. அளவு கிடைக்காதபோது லேத்தில் கடைந்த வெண்கலப் புஷ் கைகொடுக்கும். சிற்றசைவை அது நன்கு தாங்கினாலும் உராய்வு கூடுதல் என்பதால் கிறீஸும் அடிக்கடி வேண்டும்.

புதிய பெயாரிங்குக்குப் பணம் கொடுக்கத் தயங்காத வாடிக்கையாளர், எதுவும் மாற்றப்படாத சேவைக்கு அதே உழைப்புக்கூலியைக் கொடுக்கத் தயங்குவதே இத்தொழிலின் இடர். பிரித்துப் பூட்டும் நேரம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. காட்டுவதற்குப் புதிய பாகம் இல்லை என்பதே வேறுபாடு. செயினையும் ஸ்ப்ரொக்கெட்டையும் மாற்றவோ ரயரை மாற்றவோ பின்சக்கரம் எப்படியும் கழற்றப்படும் நாளில் லிங்கையும் திறந்து கிறீஸ் இட்டு, அந்தத் தேதியைப் பற்றுச்சீட்டில் எழுதிக்கொடுத்தால், கூலியின் ஒரு பகுதி மிச்சமாகும்; அடுத்த தவணையும் ஒலி எழும்வரை காத்திராது. ஆண்டுக்கு ஒருமுறையாவது, சேற்றில் ஓடும் வண்டியாயின் அதற்கு முன்னரே, இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்கும் உரிமையாளருக்கு ஒரு டப்பா கிறீஸின் செலவு, ஒரு தொகுதி பெயாரிங்கின் செலவைத் தவிர்த்துவிடும்.